தரையில் படுக்கும் வண்டி, ரோட்டில் ஓடும் வண்டி

என்னிடம் 1998 மாடல் செவர்லே எஸ்-10 பிக்கப் ஒன்று இருக்கிறது. ஒற்றை கேபின், குட்டைப் பெட்டி, 2.2 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சின், ஐந்து கியர். ஹூஸ்டன் பக்கத்தில் ஒரு காலத்தில் புல் வெட்டப் போகிறவர்களும் பெயின்ட் அடிக்கப் போகிறவர்களும் ஓட்டிய உழைப்பாளி வண்டி. என்னுடையது இப்போது சுவிட்சை அழுத்தினால் புஸ்ஸென்று காற்றை விட்டு இறங்கி, ஃபிரேம் தரையைத் தொடும்படி படுத்துவிடும். இன்னொரு சுவிட்சை அழுத்தினால் எழுந்து நின்று என்னை வேலைக்குக் கூட்டிப்போகும்.

எல்லாரும் படமெடுப்பது அது படுப்பதை. நான் எழுத வந்தது அது எழுந்து ஓடுவதைப் பற்றி. ஏர் சஸ்பென்ஷன், அதாவது இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பை, போட்ட பிக்கப்பைத் தரையோடு தரையாகப் படுக்க வைப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஸ்பிரிங்கைக் கழற்றி, இடிக்கிற இடத்தையெல்லாம் வெட்டிவிட்டால் எந்த வண்டியும் படுத்துவிடும். படுத்த வண்டி எழுந்து, ஹூஸ்டனைச் சுற்றி ஓடும் 8-ஆம் நம்பர் பெல்ட்வேயில் 65 மைல் வேகத்தில், மழையில், பக்கத்து லேனில் கன்டெய்னர் லாரி போகும்போது நேராக ஓட வேண்டும். வேலை முழுக்க அங்கேதான் இருக்கிறது. ஆகவே இந்த வண்டியில் எந்த அளவை எடுத்தாலும் முதலில் எடுத்தது ஓடும் உயரத்தை. படுக்கும் உயரம் அதற்கப்புறம் கிடைத்ததுதான்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிட்டு என் வண்டிக்கு வருகிறேன். ஏனென்றால் இதன் வேரில் கோழிக்கறி இருக்கிறது.

1960களின் தொடக்கத்தில் பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் அமெரிக்கக் கோழிக்கறி இறக்குமதிக்குக் கடுமையான வரி போட்டன. பதிலுக்கு 1963 டிசம்பரில் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் உருளைக்கிழங்கு ஸ்டார்ச், டெக்ஸ்ட்ரின், பிராந்தி, இவற்றோடு லைட் டிரக்குகளுக்கும் 25 சதவீத வரி விதித்தார். மற்றவை காலப்போக்கில் நீங்கிவிட்டன. டிரக் வரி மட்டும் நிலைத்தது. ஜப்பானிய கம்பெனிகள் ஒரு சந்து கண்டுபிடித்தன: பின்பெட்டி இல்லாமல் கேபினும் சேசிஸும் மட்டும் இறக்கினால் 4 சதவீத வரிதான். பெட்டியை அமெரிக்க மண்ணில் வைத்து மாட்டிக்கொள்ளலாம். அமெரிக்க கம்பெனிகளும் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. மஸ்டா தயாரித்ததை ஃபோர்டு கூரியர் என்றும், இசுசு தயாரித்ததைச் செவர்லே லவ் என்றும் விற்றார்கள். 1980இல் அந்தச் சந்து அடைபட்டது. 1982 மாடலாக எஸ்-10 வந்தது, அடுத்து ஃபோர்டு ரேஞ்சர். கலிபோர்னியாவின் இளைஞர்களுக்கு அப்போது கையில் கிடைத்த மலிவான புது வண்டி என்றால் இந்தச் சின்ன பிக்கப்புகள்தான். டட்சன், டொயோட்டா, மஸ்டா பி2200, நிசான் ஹார்ட்பாடி, எஸ்-10. மினி டிரக் கூட்டம் அப்படி உருவானது.

தாழ்த்தும் ஆசை அதற்கும் முந்தையது, அது லோ ரைடர்களிடமிருந்து, அதாவது காரைத் தாழ்த்தி ஓட்டியவர்களிடமிருந்து, வந்தது. அவர்களில் பெரும்பாலோர் மெக்சிகன் அமெரிக்கர்கள். கலிபோர்னியாவில் வண்டிச் சட்டத்தின் 24008-ஆவது பிரிவு, சக்கர ரிம்மின் அடிவிளிம்புக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் தொங்கக் கூடாது என்று சொன்னது. 1950களின் கடைசியில் ரான் அகிர்ரே என்ற கலிபோர்னியா இளைஞர் தன் கார்வெட்டில் விமானங்களிலிருந்து கழித்த ஹைட்ராலிக் பம்புகளையும் வால்வுகளையும் பொருத்தினார். போலீஸ் வந்தால் வண்டி உயரும், போனால் தாழும். யாரைத் தடுக்க அந்தச் சட்டம் பயன்பட்டது என்பது மெக்சிகன் அமெரிக்கக் குடும்பங்களுக்கு நன்றாகவே தெரியும். அந்தப் பிரிவு 2024 ஜனவரி 1 அன்றுதான் நீங்கியது. ஏறக்குறைய அறுபத்தைந்து ஆண்டுகள். எனக்கு வெல்டிங்கில் கை கொடுத்த நண்பரின் அப்பா அந்தக் காலத்தில் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் இதற்காக டிக்கெட் வாங்கியவர். சட்டம் நீங்கிய செய்தி வந்த அன்று நண்பர் அவருக்குப் போன் போட்டுப் பேசியதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். ஸ்பானிஷ் எனக்கு அரைகுறை. ஆனாலும் அந்தக் குரலில் இருந்த நிம்மதி புரிந்தது.

ஹைட்ராலிக்கில் எண்ணெய் அமுங்காது, அதனால் தனியே ஸ்பிரிங் வேண்டும். பேட்டரி வரிசை வேண்டும், எடையும் கூடும். காற்றுக்கு அந்தக் கவலை இல்லை, காற்றே ஸ்பிரிங். ஃபயர்ஸ்டோன் கம்பெனி 1930களிலேயே ரப்பர் காற்றுப் பைகளைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. 1950களில் ஜெனரல் மோட்டார்ஸ் பேருந்துகளில் அது வந்தது, 1954இல் கிரேஹவுண்டின் சீனிக்ரூஸர் காற்றில்தான் ஓடியது. 1957 கேடிலாக் எல்டொராடோ பிரௌமில் கம்பெனியே போட்டுக் கொடுத்தது. கார்களில் அன்று நிலைக்கவில்லை, கசிவுத் தொல்லை. பேருந்திலும் லாரியிலும் நிலைத்தது. நம்மூர் ஆம்னி பஸ்களில் ‘ஏர் பஸ்’ என்று போர்டு வைத்து ஓட்டுகிறார்களே, அதற்குள் இருப்பதும் இதே காற்று பலூன்தான். மினி டிரக் கூட்டம் லாரியின் பலூனை எடுத்துச் சின்ன வண்டியில் செருகியது.

சரி, என் வண்டிக்கு வருவோம்.

எஸ்-10இன் பின்னச்சு பட்டை ஸ்பிரிங்கில் தொங்குகிறது. பட்டைகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் பலூன் வைத்தால் போதும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கலாம். ஆனால் பட்டை, வண்டியின் எடையைத் தாங்குவதோடு நிற்பதில்லை. அச்சை முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கிறது, பக்கவாட்டில் நகராமல் பிடிக்கிறது, ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது அச்சு முறுக்கிக்கொள்ளாமல் பிடிக்கிறது. இத்தனை வேலையும் ஒரே பட்டையில். பலூன் இதில் ஒன்றே ஒன்றைத்தான் செய்யும்: எடையைத் தாங்கும். மற்றவற்றுக்கெல்லாம் நீங்கள்தான் வழி செய்ய வேண்டும்.

அதற்கு முன்னால் ஃபிரேமை வெட்ட வேண்டும். வண்டி இறங்கும்போது உண்மையில் நடப்பது அச்சு மேலே ஏறுவது. ஏறுகிற அச்சுக் குழாய் ஃபிரேமின் அடியில் போய் முட்டும். அந்த இடத்தில் ஃபிரேமை வளைவாக வெட்டி இடம் விடுவதற்கு சி-நாட்ச் என்று பெயர். வண்டியில் இருக்கும் வேலைகளிலேயே மிகவும் பயபக்தியோடு செய்ய வேண்டியது இதுதான் என்பேன். ஃபிரேமின் தகடு 3 மில்லிமீட்டர் போல இருக்கும். அதில் பெட்டியின் எடையும் அதில் ஏற்றும் சுமையும் சேர்ந்து வளைக்கப் பார்க்கும் இடத்தில் போய் நீங்கள் பாதி உயரத்தை வெட்டி எடுக்கிறீர்கள். எடுத்த பலத்தைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

நண்பரின் கொட்டகைக்கு ஒரு வண்டி வந்திருந்தது. வேறெங்கோ நாட்ச் போட்டது, மேலே பளபளவென்று கறுப்புப் பெயின்ட். பின்பெட்டியைத் தூக்கிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், ஒட்டுத் தகடு முடிகிற இடத்தில் வெல்டிங் கோடு ஃபிரேமைக் குறுக்காக, நேர் செங்குத்தாக வெட்டிக்கொண்டு போகிறது. அந்தக் கோட்டின் ஓரமாகவே மயிரிழை போல ஒரு கீறல், அதிலிருந்து பழுப்பாகத் துரு கசிந்து பெயின்டின் மேல் இறங்கியிருந்தது. வெல்டிங் உடையவில்லை. வெல்டிங்கை ஒட்டிய இரும்புதான் விட்டுக்கொடுத்திருந்தது. சூடு பட்டு குணம் மாறிய வரிசை முழுவதும் ஒரே குறுக்குக் கோட்டில் அமைந்தால் வளைகிற விசை முழுக்க அந்தக் கோட்டில்தான் குவியும்.

இது எனக்குப் புது விஷயம் இல்லை. ஹூஸ்டன் கப்பல் கால்வாய் ஓரத்து ஆலைகளில் குழாய் வெல்டிங்கைப் பரிசோதிப்பதுதான் என் பிழைப்பு. அதனால் என் வண்டிக்கு 6 மில்லிமீட்டர் தகட்டில் நாட்ச் செய்து, பக்கத் தகடுகளின் இரு முனையையும் வைர வடிவில் கூராக்கினோம். கோடு எங்கேயும் ஃபிரேமைக் குறுக்கே வெட்டாமல் சாய்ந்தே ஓடும். வெட்டுவதற்கு முன்பே ஃபிரேமின் இரு பக்கத்தையும் ஸ்டாண்டில் நிறுத்தி, தற்காலிகமாகக் குறுக்குக் கம்பிகளைப் பற்றவைத்தோம். இல்லையென்றால் சூட்டில் ஃபிரேம் முறுக்கிக்கொள்ளும். எஸ்-10இல் பெட்ரோல் டேங்க் ஓட்டுநர் பக்க ஃபிரேமை ஒட்டி உள்ளே இருக்கிறது, பிளாஸ்டிக். அதைக் கழற்றி வெளியே வைக்காமல் கிரைண்டரைக் கையில் எடுக்கவே கூடாது. வெல்டிங் ஆறியதும் ஆலையில் செய்வது போலவே சிவப்புச் சாயத்தைத் தெளித்து, துடைத்து, வெள்ளை டெவலப்பரை அடித்தோம். எங்காவது கீறல் இருந்தால் வெள்ளையின் மேல் சிவப்பாகக் கோடு எழும். கோடு எதுவும் எழவில்லை. நண்பர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்கு நகர்ந்தார்.

அப்புறம் அச்சைப் பிடிக்கும் கம்பிகள். இங்கேதான் ஓடும் உயரத்தை மறந்து கட்டியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். அச்சு பக்கவாட்டில் நகராமலிருக்க எளிய வழி பானார்ட் ராடு: ஒரு முனை ஃபிரேமில், மறுமுனை அச்சில், குறுக்காக ஒரே கம்பி. சாதாரண வண்டிக்கு இது போதும். அச்சு அதில் அதிக தூரம் மேலும் கீழும் போகாது. காற்று வண்டியில் கதை வேறு. கம்பி ஒரு முனையில் நின்றபடி வட்டமடிப்பதால், அச்சு ஏறும்போதும் இறங்கும்போதும் கொஞ்சம் பக்கவாட்டிலும் நகரும். 30 அங்குலக் கம்பியை எடுத்துக்கொள்வோம். ஓடும் உயரத்தில் அது படுக்கையாக இருக்கிறது. அச்சு 5 அங்குலம் ஏறினால் சுமார் 0.4 அங்குலம், அதாவது ஒரு சென்டிமீட்டர், பக்கவாட்டில் இழுக்கப்படும். சக்கரம் ஃபெண்டருக்குள் அரை அங்குல இடைவெளியில் நுழையும்படி ரிம் வாங்கிய ஒருவருக்கு அந்த ஒரு சென்டிமீட்டர் என்பது டயரின் பக்கச்சுவர்.

நாங்கள் போட்டது முக்கோண நான்கு கம்பி அமைப்பு. கீழே இரண்டு கம்பிகள் நேராக முன்னோக்கி ஓடி, அச்சை முன்னும் பின்னும் பிடிக்கின்றன. மேலே இரண்டு கம்பிகள் அச்சின் நடுவிலுள்ள கியர் உருண்டையான டிஃபரன்ஷியலின் தலையிலிருந்து விரிந்து இரு பக்க ஃபிரேமுக்கும் போகின்றன. அந்த விரிவுதான் பக்கவாட்டுப் பிடி. அச்சு நேர் கோட்டிலேயே ஏறி இறங்குகிறது. பந்தய வண்டியில் போடும் உலோக மூட்டுகளை வைத்தால் துல்லியம் கூடும், ஆனால் தினம் ஓட்டுகிற வண்டியில் சத்தமும் அதிர்வும் தாங்காது. அதிர்வை உள்வாங்கும் புஷ்தான் வைத்தேன்.

பினியன் கோணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், இது கண்ணுக்குத் தெரியாத விஷயம், காதுக்குத் தெரியும். கியர் பாக்ஸிலிருந்து வெளிவரும் தண்டு 3 டிகிரி கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால், பின்னால் டிஃபரன்ஷியலுக்குள் நுழையும் தண்டான பினியன் 3 டிகிரி மேல்நோக்கி இருக்க வேண்டும். இரண்டும் இணையாக இருந்தால்தான் டிரைவ் ஷாஃப்டின் இரு மூட்டுகளும் ஒன்றின் துடிப்பை மற்றது சரிக்கட்டும். இந்தச் சமன் எந்த உயரத்தில் அமைய வேண்டும்? ஓடும் உயரத்தில். பிராக்கெட்டுகளைப் பற்றவைக்கும் நாளில் வண்டி படுத்துக் கிடந்தால், படுத்த நிலைக்கு அழகாகக் கோணம் வைத்துவிட்டு, ரோட்டில் 50 மைலைத் தாண்டியதும் இருக்கைக்கு அடியில் ஒரு நடுக்கத்தோடு வாழ வேண்டியிருக்கும். நாங்கள் அச்சுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே வெட்டிய இரும்புக் குழாய்த் துண்டுகளை முட்டுக் கொடுத்து, வண்டியை ஓடும் உயரத்திலேயே சிறை வைத்தோம். பலூன் வருவதற்கு முன்னால் ஒவ்வொரு பிராக்கெட்டும் அந்த உயரத்தில்தான் அளக்கப்பட்டது, அந்த உயரத்தில்தான் பற்றவைக்கப்பட்டது.

முன்பக்கம் வேறு மாதிரி. எஸ்-10இன் முன்சக்கரங்கள் தனித்தனியே மேல்கை, கீழ்கை என்று இரு கைகளில் நிற்கின்றன, நடுவில் சுருள் ஸ்பிரிங். சுருளை எடுத்துவிட்டுப் பலூனை வைக்கலாம், ஆனால் கம்பெனி ஷாக் அப்சார்பரைச் சுருளின் வயிற்றுக்குள்ளேதான் வைத்திருக்கிறது. பலூன் வந்தால் ஷாக்குக்கு இடம் போய்விடும். 1990களில் நிறைய பேர் ஷாக்கைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு வெறும் பலூனிலேயே ஓட்டினார்கள். அந்த வண்டிகள் பாலத்தின் ஒவ்வொரு இணைப்புக்கும் மூன்று நான்கு முறை குதிக்கும். காற்றுக்கு எழுப்பத் தெரியும், அடக்கத் தெரியாது. ஷாக் இல்லாத காற்று வண்டியை நான் ஏற்கவே மாட்டேன், அதில் பேச்சுக்கே இடமில்லை. கீழ்கையில் புது பிராக்கெட் வைத்து ஷாக்கைப் பலூனுக்கு வெளியே கொண்டுவந்தோம். அதோடு சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிண்டிலுக்கு 2 அங்குலத் தாழ்வு வகை. சக்கரத்தின் அச்சு இருக்கும் இடத்தையே மேலே நகர்த்திவிடுவதால், கைகள் அநேகமாகக் கம்பெனி கொடுத்த கோணத்திலேயே நிற்கும்போது வண்டி 2 அங்குலம் தாழ்ந்திருக்கும். பால் ஜாயின்ட் கொடுமைப்படாது.

காற்றழுத்தக் கணக்கு எனக்குப் பிடித்த பகுதி. ஒரு முன்சக்கரம் தாங்கும் எடை 750 பவுண்டு என்று வையுங்கள். பலூன் சக்கரத்தில் இல்லை, கீழ்கையின் நடுவில் இருக்கிறது. நெம்புகோல் கணக்குப்படி அது ஏறக்குறைய இரண்டு மடங்கு, 1,500 பவுண்டு தள்ள வேண்டும். பலூனின் பயன்படும் பரப்பு 20 சதுர அங்குலம் என்றால் சதுர அங்குலத்துக்கு 75 பவுண்டு, அதாவது 75 பிஎஸ்ஐ. பின்னால் பலூன் நேராக அச்சின் மேலேயே உட்கார்ந்திருப்பதால் இந்தப் பெருக்கல் இல்லை. காலிப் பெட்டியில் பக்கத்துக்கு 550 பவுண்டு, அதே பரப்புக்கு 30 பிஎஸ்ஐகூட வராது. அவ்வளவு குறைந்த அழுத்தத்தில் பலூன் தொளதொளவென்று இருக்கும், வளைவில் வண்டி சாயும். அதனால்தான் பின்னால் சின்ன விட்டமுள்ள பலூன் போட வேண்டும்: பரப்பு குறைய, அதே எடைக்கு அழுத்தம் கூடும், பிடி வரும். பெரிய பலூன் என்றால் பலமான பலூன் என்று நம்பி நாலு மூலைக்கும் பெரிதாக வாங்குகிறவர்களிடம் இந்தக் கணக்கை எழுதிக் காட்டியிருக்கிறேன்.

இன்னொன்று. பின்னால் இரண்டு பலூனையும் ஒரே குழாயில் ‘டி’ போட்டு இணைத்தால் வால்வு மிச்சம். ஆனால் வலதுபுறம் திரும்பும்போது வண்டி இடப்பக்கம் சாயும், இடது பலூன் அமுங்கும், அதிலிருந்த காற்று நேராக வலது பலூனுக்குப் போய் அதைத் தூக்கும். சாய்கிற வண்டியை நாமே இன்னும் சாய்ப்பதாகும். நாலு மூலைக்கும் தனி வால்வு இல்லாமல் ரோட்டுக்கு வரக் கூடாது.

என் வண்டியில் நாலு மூலையிலும் உயர சென்சார் உண்டு. அழுத்தத்தை மட்டும் பார்க்கும் கன்ட்ரோலர், பெட்டியில் நாலு மூட்டை மண் ஏற்றினாலும் அதே அழுத்தத்தைத்தான் கொடுக்கும், வண்டி தாழ்ந்து நிற்கும். உயரத்தைப் பார்ப்பது, சுமை ஏறியது தெரிந்து காற்றைக் கூட்டி அதே இடத்துக்குக் கொண்டுவரும். எல்லாக் கோணமும் அந்த உயரத்துக்காகச் செய்தது என்னும்போது இதில் காசை மிச்சம் பிடிக்க எனக்கு மனம் வரவில்லை.

குழாய் வேலை சின்ன வேலை போலத் தெரியும், வருஷக்கணக்கில் தொல்லை கொடுப்பதும் அதுதான். நைலான் குழாயைக் கட்டிங் பிளேயரால் நறுக்கினால் முனை நசுங்கி நீள்வட்டமாகிவிடும். அழுத்திச் செருகும் ஃபிட்டிங்கின் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் அந்த முனையைச் சுற்றி முழுசாக உட்காராது. ராத்திரி முழுக்கக் கசிந்து காலையில் ஒரு மூலை தொங்கும். குழாய் வெட்டும் கத்தியால் நேராக வெட்டி, முனையை விரலால் தடவிப் பார்த்துச் செருக வேண்டும். கம்ப்ரெஸரின் வாயில் நைலானே கூடாது. அங்கே வரும் காற்று கொதிக்கும், கம்பி பின்னிய குழாய்தான் வேண்டும். எல்லாம் மாட்டிய பின் சோப்புத் தண்ணீர். ஒவ்வொரு மூட்டிலும் பிரஷ்ஷால் தடவி, நுரை ஊதுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

ஹூஸ்டன் காற்றில் ஈரம் அதிகம். அமுக்கிய காற்று டேங்கில் ஆறும்போது அந்த ஈரம் தண்ணீராக அடியில் சேரும். ஆகஸ்டில் டேங்கின் வடிகால் திருகைத் திறந்தால் பழுப்பு நீர் சீறிக்கொண்டு வரும். வால்வுக்குள் அது போனால் வால்வு போயிற்று. கம்ப்ரெஸருக்குப் பின்னால் நீர்ப்பிடிப்பான் வைத்திருக்கிறேன், டேங்கின் வடிகாலை அடிவயிற்றில் வரும்படி திருப்பி மாட்டியிருக்கிறேன். இரண்டு கம்ப்ரெஸர், தனித்தனி ரிலே, தனித்தனி ஃபியூஸ்.

வால்வைப் பற்றி நண்பருக்கும் எனக்கும் வாக்குவாதம் உண்டு. அவர் அரை அங்குலக் குழாயின் ஆள். சுவிட்சைத் தொட்டதும் வண்டி தொப்பென்று விழ வேண்டும், துள்ளி எழ வேண்டும். ஷோவில் அதற்குக் கைதட்டல் கிடைக்கும். நான் 3/8 அங்குலத்தோடு நின்றேன். மெதுவாக எழுகிற வண்டியின் உயரத்தைத் துல்லியமாக நிறுத்த முடிகிறது, பிராக்கெட்டுகளுக்கும் அடி குறைவு. அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

பேர்லேண்ட் மீனாட்சி கோயிலின் வண்டி நிறுத்துமிடத்தில் ஒருமுறை நடந்ததை எழுதாமல் விட மனசில்லை. மகளைப் பாட்டு வகுப்புக்கு விட வந்திருந்தேன். வண்டியைப் படுக்க வைக்கவில்லை, எழுந்த நிலையிலேயே நின்றது. பின்பெட்டியின் தரையில் வெட்டிய ஓட்டையை இன்னும் மூடவில்லை, மேலிருந்து பார்த்தால் அச்சும் கம்பிகளும் அப்படியே தெரியும். எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், மகன் வீட்டுக்கு வந்திருக்கிறவர் போல, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெட்டியின் ஓரத்தைப் பிடித்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, உங்க வண்டிங்களா?”

“ஆமாங்க ஐயா.”

“பட்டையை எடுத்துட்டு பலூன் போட்டிருக்கீங்க. பக்கவாட்டுக்கு என்னங்க பிடிப்பு?”

மேல்கம்பிகளைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். “நம்ம பஸ்ஸுல வி-ராடு ஒண்ணு வருமுங்க. அதைத்தான் ரெண்டா பிரிச்சுப் போட்டிருக்கீங்க,” என்றார். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் காலமெல்லாம் வேலை பார்த்தவராம். இந்த வண்டியைப் பார்த்தவர்கள் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள்: எவ்வளவு இறங்கும், எவ்வளவு செலவு, போலீஸ் பிடிக்காதா. அச்சு ஏன் பக்கவாட்டில் போகவில்லை என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். நாட்ச்சின் முனையை வைர வடிவில் வெட்டியிருப்பதை நான் சொல்லாமலே கவனித்து, விரலால் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தார். மகன் வந்து கூப்பிடும் வரை பேசிக்கொண்டிருந்தோம். கிளம்பும்போது, “கிரீஸ் மட்டும் விட்டுராதீங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஹூஸ்டன் ரோட்டைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். இங்கே அடியில் இருப்பது களிமண், மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். மேலே போட்ட கான்கிரீட் பலகைகள் ஒன்றுக்கொன்று உயரம் மாறி நிற்கும். நெடுஞ்சாலையை ஒட்டி ஓடும் ஃபீடர் ரோட்டில் போனால் ஒவ்வொரு இணைப்பும் தடக் தடக்கென்று கேட்கும். ரயில் தண்டவாளங்கள் வேறு. ஆலைக்குப் போகும் வழியில் இவை எல்லாம் உண்டு. என் வண்டியின் மிகத் தாழ்ந்த பாகம் ஃபிரேமின் இரு பக்கத்தையும் இணைக்கும் முன் கிராஸ் மெம்பர். ஓடும் உயரத்தில் அது ரோட்டிலிருந்து நாலரை அங்குலத்தில் நிற்கிறது. தண்டவாளம் வந்தால் ஒரு பொத்தானில் இன்னும் உயரும். தாண்டியதும் இறக்கிவிடுவேன். உயர்த்திய நிலையிலேயே ஓட்டினால் முன்சக்கரங்களின் டோ, அதாவது அவை உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு, மாறிவிடும், டயர் உள்விளிம்பில் தேயும். வீல் அலைன்மென்ட்டும் அதனால்தான் ஓடும் உயரத்தில் செய்ய வேண்டும். அலைன்மென்ட் கடைக்காரர் கணினியில் வரும் கம்பெனி உயரத்தைக் கேட்டால், அளவெழுதிய தாளைக் கையில் கொடுத்து, இந்த உயரத்தில் நிறுத்துகிறேன், இதில் செய்யுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

டெக்சாஸில் 2025 ஜனவரி 1 முதல் சொந்த உபயோக வண்டிகளுக்கு வருடாந்திரப் பாதுகாப்புச் சோதனை கிடையாது. ஹூஸ்டன் வட்டாரத்தில் புகைச் சோதனை மட்டும் உண்டு, அதுவும் 24 வருஷத்தைத் தாண்டிய வண்டிக்கு இல்லை. ஆக, என் வண்டியின் அடியில் குனிந்து பார்க்க இனி யாரும் கட்டாயமாக வரப்போவதில்லை. பலருக்கு இது கொண்டாட்டம். எனக்கு இது கவலையாகத்தான் இருக்கிறது. கீறிய நாட்ச்சோடு வந்த அந்தக் கறுப்பு வண்டியும் இதே பெல்ட்வேயில்தான் ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்து லேனில் யாரோ ஒருவரின் குழந்தைகள் போய்க்கொண்டிருந்திருப்பார்கள். எண்ணெய் மாற்றும் நாளில் நான் வண்டியின் அடியில் புகுந்து, வெல்டிங் ஒவ்வொன்றையும் துடைத்து டார்ச் அடித்துப் பார்க்கிறேன். பலூனின் ரப்பரில் எங்காவது பளபளப்பாக உரசல் தெரிகிறதா என்றும் பார்ப்பேன். பலூனைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம் காலியாக இருக்க வேண்டும், உரசுகிற பலூன் சொல்லிக்கொண்டு வெடிப்பதில்லை.

இப்போது வீட்டில் பேச்சு பாடி டிராப் பற்றி. வண்டி படுக்கும்போது ஃபிரேம் தரையில் படுகிறது, ஆனால் கதவுக்குக் கீழேயுள்ள பாடியின் விளிம்பு இன்னும் சில அங்குலம் மேலேதான் நிற்கிறது. கேபினின் தரைத் தகட்டைச் சுற்றிலும் வெட்டி, அந்த அளவுக்கு மேலே தூக்கிப் பற்றவைத்தால் பாடியே ஃபிரேமின் மேல் கவிழ்ந்து இறங்கிவிடும். அப்போது முழு வண்டியும் தரையில் பதிந்து நிற்கும், பார்க்க அவ்வளவு அழகு. மினி டிரக் உலகில் அதுதான் உச்சம், செய்தவர்களின் வேலையைப் பார்த்து நான் வாயடைத்து நின்றிருக்கிறேன். நண்பர், “இவ்வளவு தூரம் வந்துவிட்டு இதை விடுவதா?” என்கிறார். ஆனால் தரையைத் தூக்கினால் இருக்கை தூக்கும், தலைக்கும் கூரைக்கும் நடுவே இருக்கிற இடம் போகும், சீட் பெல்ட் பிடித்திருக்கும் இடத்தையே வெட்டி மறுபடி பற்றவைக்க வேண்டும். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்காருவது என் மகள். “என்னங்க, ஓடுற வண்டியை எதுக்குங்க மறுபடி வெட்டணும்?” என்றாள் மனைவி. கம்பெனி கொடுத்தபடியே மிச்சமிருக்கும் பாகம் அந்தக் கேபின். அதை நான் தொடப் போவதில்லை.

அதற்குப் பதில் மிச்ச வேலைகளை முடிக்கிறேன். படுக்கும்போது டிஃபரன்ஷியல் மேலேறி வர, பெட்டியின் தரையில் வெட்டிய ஓட்டைக்கு மேல் உயர்த்திய தரை ஒன்று வேண்டும். அதைத் தகட்டில் செய்து, கீலில் திறக்கும்படி மாட்டுகிறேன், அடியில் உள்ளதைப் பார்க்க வசதியாக இருக்கும். பெட்ரோல் டேங்கைப் பின்னச்சுக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும், இப்போதிருக்கும் இடத்தில் கீழ்கம்பிக்கு மிக நெருக்கம். பிப்ரவரியில் கான்ரோவில் லோன் ஸ்டார் த்ரோடவுன் என்ற வண்டிக் கண்காட்சி நடக்கும். அதற்குள் பெயின்ட் முடியாது, ப்ரைமரோடுதான் போவேன். அங்கே வரிசை வரிசையாக எல்லா வண்டியும் படுத்துக் கிடக்கும். நான் என்னுடையதை ஓடும் உயரத்தில், பெட்டியின் தரையைத் திறந்து வைத்து நிறுத்தலாம் என்றிருக்கிறேன். நண்பருக்கு இதில் சம்மதமில்லை. பாதி நேரம் படுக்க வைக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறார், அதற்கு ஒத்துக்கொண்டிருக்கிறேன்.